சண்டைக்கு நடுவே விழும் பட்டை

அருங்காட்சியகங்களில் ஆண்களின் பொருள்களுக்குக் கதை இருக்கும். பெண்களின் பொருள்களுக்குப் பயன் மட்டும்தான் இருக்கும். ஈட்டி என்றால் எந்தக் குலம், எந்தப் போர், யார் கையில் இருந்தது என்று அட்டையில் நாலு வரி எழுதியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு கூடை தொங்கும். 'கூடை, நார், தானியம் சுமக்க' என்பதோடு சரி. முடைந்தவள் பெயர் இருக்காது. அவள் அதை முடைந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது, அதை யாருக்குக் கொடுத்தாள், யாருக்குக் கொடுக்க மறுத்தாள் என்பதையெல்லாம் கேட்கும் வழக்கமே இல்லை. எந்த ஊரில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் நான் முதலில் இந்த அட்டைகளைத்தான் படிக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன வேலை, எழுத்தைப் படிப்பதுதானே.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அருங்காட்சியகம் என்பதே வெளியிலிருந்து வந்த கட்டடம். கம்பாலாவில் 1908-இல் தொடங்கிய உகாண்டா அருங்காட்சியகத்தை மக்கள் 'என்யும்பா யா மாயெம்பெ' என்று அழைத்தார்கள். கொம்புகளின் வீடு என்று அர்த்தம். வழிபாட்டிடங்களிலிருந்து எடுத்துவந்த, தெய்வ சக்தி உறைவதாக அவர்கள் நம்பிய கொம்புகள் அங்கே அலமாரி ஏறியிருந்தன. பெயர் வைத்தவர்களின் கேலியும் அச்சமும் அதில் ஒன்றாகக் கேட்கின்றன. நைரோபியில் 1930-இல் திறந்த அருங்காட்சியகத்துக்குக் கோரிண்டன் என்ற பிரித்தானிய ஆளுநரின் பெயர். அதற்கு வித்திட்டது பறவை, பூச்சி, செடிகளைச் சேகரித்த இயற்கை வரலாற்றுச் சங்கம் ஒன்று. மனிதர்களின் அணிகலன்களும் ஏனங்களும் அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தன. விடுதலைக்குப் பிறகு அது தேசிய அருங்காட்சியகம் ஆனது.

அந்தத் தேசிய அருங்காட்சியகத்தில் இனவரைவியல் பிரிவில் வேலை பார்த்த சுல்தான் சோம்ஜி 1990-களின் நடுவில் வேறொரு காரியம் தொடங்கினார். இவர் கென்யாவில் பல தலைமுறையாக வாழ்ந்த இந்திய வம்சாவழிக் குடும்பத்தவர். 1991, 92-இல் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இனக்கலவரங்கள் வெடித்திருந்தன. பலகட்சித் தேர்தல் வந்த காலம். அரசியல்வாதிகள் அக்கம்பக்கத்தாரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டார்கள். மென்னோனைட் கிறித்தவ உதவி அமைப்பு ஒன்றின் துணையோடு சோம்ஜி ஊர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அவரவர் கிராமத்துப் பெரியவர்களிடம் அனுப்பினார். சண்டையை நிறுத்த நம்மவர்கள் எந்தப் பொருளைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு வாருங்கள் என்றார். வந்த விடைகளிலிருந்து சமூக அமைதி அருங்காட்சியகங்கள் என்ற சிறுசிறு இடங்கள் கென்யா முழுவதும் உருவாயின. கிகூயூ, போகோட், மாசாய், சூபா என்று ஒவ்வொரு மக்களும் தங்களுடையதைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 2001-இல் ஐக்கிய நாடுகள் அவை, நாகரிகங்களுக்கிடையிலான உரையாடலுக்கு உழைத்த, அதிகம் அறியப்படாதவர்கள் என்று உலகெங்கிலும் தெரிவுசெய்த சிலரில் சோம்ஜியும் ஒருவர்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. 'இது என்ன' என்று கேட்டால் கூடை என்ற பதில் வரும். 'இது என்ன செய்தது' என்று கேட்டால் ஒரு பெண் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

என் தங்கை நைரோபிக்கு வெளியே ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கோடை விடுமுறையில் அவளிடம் போயிருந்தபோது, சமூக அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து காப்பாட்சியர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார், வருகிறாயா அக்கா என்று கேட்டாள். வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இரண்டு மட்டாட்டு வண்டி மாறி, ஒரு தகர டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். விடுதிப் பிள்ளைகள் சாமான் வைக்கிற அதே பெட்டிதான். மாணவர்கள் அவரை 'மாமா' என்று கூப்பிட்டார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். இரண்டு நாளில் என்னையும் பிள்ளைகள் மாமா என்று அழைக்கத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது.

பெட்டியிலிருந்து அவர் எடுத்தவை அதிகமில்லை. ஒரு கைத்தடி. ஒரு பிடி புல்; மாசாய்களிடம் புல்லைப் பிடுங்கிக் கையில் ஏந்தினால் சமாதானம் என்று பொருள். சணல் போன்ற கற்றாழை நாரில் முடைந்த கியோண்டோ என்ற கிகூயூக் கூடை. கடைசியாக ஓர் இடுப்புப் பட்டை. தோல்; அதன்மேல் சோழிகளும் மணிகளும் வைத்துத் தைத்தது. போகோட் மக்கள் இதை லெகெத்யோ என்கிறார்கள். பிள்ளை சுமக்கும் பெண் கட்டிக்கொள்வது. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டுவார்கள். அந்த வயிற்றுக்கட்டுக்கு இப்படியொரு அழகான உறவுக்காரி உண்டென்று எனக்குத் தெரியாது.

சோழியைத் தொட்டுப் பார்த்தேன். அது இந்தியப் பெருங்கடலின் பொருள், நம் பல்லாங்குழியிலும் அதுதான் கிடக்கிறது. கண்ணாடி மணிகளுக்கும் அப்படி ஒரு பயணம் உண்டு. அரிக்கமேட்டில் செய்த வகையைச் சேர்ந்த சிறுமணிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. பின்னாளில் உள்நாட்டு டுக்காக்களில், அதாவது குஜராத்தி வணிகர்களின் கடைகளில், மாசாய்ப் பெண்களுக்காக மணிகளை நிறம் பிரித்துக் கோத்துவைத்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். சோம்ஜி 2012-இல் எழுதிய 'பீட் பாய்' என்ற நாவல் அப்படியொரு பெண்ணைப் பற்றியது. அவள் கல்லாவில் உட்காரவில்லை, கடையின் பெயர்ப்பலகையிலும் அவள் இல்லை. ஆனால் எந்த ஊர்க்காரிக்கு எந்த நீலம் வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பட்டை கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றி வந்தது. காப்பாட்சியர் சொன்னார்: இரண்டு கூட்டம் ஆயுதத்தோடு நிற்கும்போது தாய் இதை அவிழ்த்து நடுவில் போடுவாள். அதைத் தாண்டி எவனும் அடி எடுத்து வைக்க முடியாது. தாண்டினால் தன்னைச் சுமந்த வயிற்றை மிதித்தவன் ஆகிறான்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். அவன் குடும்பம் கப்பெங்குரியா பக்கத்திலிருந்து வந்த போகோட் குடும்பம் என்று தங்கை பின்னர் சொன்னாள். என் பாட்டி இதை வேறு மாதிரி சொல்வார்கள் மாமா, என்றான். மகன் மாடு பிடிக்கப் போகும்போது தாய் இதை எடுத்துக் கட்டிக்கொள்வாளாம். அவன் திரும்பி வரும்வரை அவிழ்க்க மாட்டாளாம். அவிழ்த்தால் அவனுக்கு ஆபத்து.

மாடு பிடிப்பது என்று அவன் சொன்னது கொள்ளைப் படையெடுப்பை. போகோட், துர்க்கானா, உகாண்டாப் பக்கத்துக் கரமோஜோங் மக்களிடையே பல தலைமுறையாக நடந்துவருவது. ஈட்டி இருந்த இடத்தில் ஏகே-47 வந்த பிறகு அதில் விழும் பிணங்களின் எண்ணிக்கையே வேறு. அந்த மாவட்டத்திலிருந்து வந்த மாரத்தான் வீராங்கனை டெக்லா லோரூப், 1994-இல் நியூயார்க் மாரத்தானை வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண், இந்த மக்களின் இளைஞர்களைத் துப்பாக்கி இல்லாமல் ஒன்றாக ஓடவைக்க அமைதி ஓட்டங்களையே நடத்திவருகிறார். பையன் சொன்னது அவன் பாட்டியின் கற்பனை இல்லை. அந்தப் பகுதிச் சண்டைகளை ஆராய்ந்தவர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். சண்டையை நிறுத்தும் பட்டைதான் சண்டைக்குப் போகிறவனுக்குக் காவலும்.

காப்பாட்சியர் மறுக்கவில்லை. பையனை முன்னால் வரச் சொன்னார். பாட்டி பெயர் என்ன, எந்த ஊர், எந்த இடுப்பில் முடிச்சு, எத்தனை சுற்று என்று கேட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஒரு நிறுவனம் பதினாறு வயதுப் பையனிடமிருந்து பாடம் எழுதிக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். பெரிய கட்டடத்தில் இது நடக்காது. அங்கே அட்டை அச்சாகிவிட்டது.

நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் மூதின்முல்லை நடத்துகிறேன். முந்தைய நாள் போரில் கணவனைப் பறிகொடுத்தவள், ஒரே மகனுக்குத் தலை சீவி வேல் கொடுத்து அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. மகன் முதுகில் காயம்பட்டு இறந்தான் என்றால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுப்பேன் என்கிறாள் இன்னொருத்தி. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டு. இரண்டையும் எழுதியவர்கள் பெண்கள். பிள்ளை பெற்ற உடம்பைச் சாட்சியாக வைத்துப் போருக்கு ஆள் அனுப்பும் அந்தக் குரலை எப்படிப் படிப்பது என்று மாணவிகள் ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். அது அவள் குரல்தானா, அரசனின் குரல் அவள் வாயில் புகுந்ததா என்று ஒரு மணி நேரம் வாதம் ஓடும். அந்தப் பையன் பேசியபோது எனக்கு அந்த மகன்தான் நினைவுக்கு வந்தான், சீவிய தலையோடு வாசலில் நிற்பவன். இங்கே தாயின் கையில் பட்டை இருக்கிறது. கட்டவும் செய்யலாம், அவிழ்க்கவும் செய்யலாம். நம் பாட்டில் அவிழ்க்கும் காட்சி எங்காவது தொலைந்துபோயிருக்குமோ என்ற சந்தேகம் அதற்குப் பிறகு எனக்கு நீங்கவில்லை.

அடுத்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். மாமா, பிள்ளை பெறாதவளுக்கு எது, என்றாள்.

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, பிள்ளை இல்லை. வளைகாப்புகளில் தட்டெடுக்க என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாததை யாரும் சொல்லிக் காட்டுவதுமில்லை, அடுப்படியில் எனக்கென்று ஒரு வேலை தயாராக இருக்கும், அவ்வளவு நயமாக. தாய்மையை அதிகாரமாக்குகிற எந்த மரபைப் பற்றிப் படித்தாலும் எனக்குள் ஓர் ஓரத்தில் இந்தப் பெண்ணின் கேள்விதான் உட்கார்ந்திருக்கும். வயிற்றின் பெயரால் ஆண்களை நிறுத்தலாம் என்றால், காலியான வயிற்றுக்குச் சண்டைக்களத்தில் நிற்க இடமில்லை. மணமாகாதவளுக்கு இல்லை. பதினாறு வயதுக்காரிக்கு இல்லை. அவள் கையில் இந்தப் பட்டையைக் கொடுத்து இது உன் பாரம்பரியம் என்றால் அவள் கேட்கத்தானே செய்வாள்.

காப்பாட்சியர் உடனே பதில் சொல்லவில்லை. பட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு 1992-ஐச் சொன்னார்.

அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில், அரசியல் கைதிகளின் தாய்மார்கள் நைரோபி ஊஹுரு பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் கிராமத்துக் கிழவிகள். அவர்களோடு வங்காரி மாத்தாய் உட்கார்ந்தார். அவர் மகன் எவனும் சிறையில் இல்லை. மணவிலக்குப் பெற்றவர், படிப்பும் பிடிவாதமும் மிஞ்சிய பெண் என்று ஊர் தூற்றியவர். மார்ச் 3-ஆம் தேதி போலீஸ் தடியோடும் கண்ணீர்ப்புகையோடும் பாய்ந்தது. மாத்தாய் நினைவிழந்து விழுந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். அப்போது சில முதிய பெண்கள் ஆடையைக் களைந்து போலீஸ்காரர்கள் முன்னால் நின்றார்கள். தாய் வயதுக்காரி தன் நிர்வாணத்தை வேண்டுமென்றே காட்டுவது அங்கே சாபம். இளம் போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலிருந்த ஆல் செயின்ட்ஸ் பேராலயத்தின் நிலவறையில் போய் உட்கார்ந்து, ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே இருந்தார்கள். 1993 தொடக்கத்தில் மகன்களில் பெரும்பாலோர் வெளியே வந்தார்கள்.

ஆடை களைந்தவர்கள் யாரும் எதிரில் நின்ற போலீஸ்காரனைப் பெற்றவர்கள் இல்லை, என்றார் காப்பாட்சியர். வங்காரி மாமாவும் அந்தக் கைதிகளைப் பெற்றவர் இல்லை. மாத்தாய் 2004-இல் நோபல் உரை ஆற்றியபோது கிகூயூப் பெரியவர்கள் ஏந்திய திகி மரத்துக் கைத்தடியைப் பற்றிச் சொன்னார். சண்டையிடும் இருவருக்கு நடுவே அதை வைத்தால் அவர்கள் நிறுத்திவிட்டுப் பேச வர வேண்டும். இதோ அந்த மாதிரித் தடி, என்று காப்பாட்சியர் முதலில் காட்டியதை எடுத்துக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். அது ஆண் கிழவர்கள் ஏந்தியது. அதைத் தன்னுடையது என்று ஓர் உலக மேடையில் எடுத்துப் பேச மாத்தாய் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அது போதிய பதிலாக இருந்ததா, தெரியவில்லை. தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் பாதி போதும் என்று தோன்றியது.

மீதிப் பாதி, பெட்டியில் இல்லாத பொருள். மதியச் சாப்பாட்டின்போது காப்பாட்சியரிடம் அதைக் கேட்டேன். உகாலியும் சுக்குமா கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெண்ணுறுப்புச் சிதைப்பும் இந்த மக்களில் பலருக்குப் பாரம்பரியம்தானே, அந்தக் கத்தியை என்ன செய்வீர்கள்?

கென்யாவில் அது 2011-இல் தனிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் தடைகளின் வரலாறு நேரானதில்லை. 1956-இல் மேரு பகுதியில், காலனி அதிகாரிகளின் தூண்டுதலில், ஆண் பெரியவர்களின் அவை இதைத் தடைசெய்தது. உடனே பதின்வயதுப் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குப் போய்ச் சவர பிளேடால் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு 'ங்கைத்தானா' என்றே பெயர் வந்தது. என்னை நானே அறுத்துக்கொள்வேன் என்று பொருள். மாவ் மாவ் கிளர்ச்சிக்காக அவசரநிலை நடந்த ஆண்டுகள் அவை. ஆட்சியாளனும் கிழவனும் சேர்ந்து என் உடம்பைப் பற்றி முடிவுசெய்ய நீ யார் என்ற கேள்வி, தன் உடம்பையே வெட்டிக்கொள்ளும் கேள்வியாக வெளிப்பட்டது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்பதா, கலகக்காரிகள் என்பதா? இரண்டு சொல்லும் அவர்களுக்கு அளவு பொருந்தவில்லை.

காப்பாட்சியர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார், எங்கள் இடத்தில் கத்தி இருக்கிறது, பெட்டியில் கொண்டுவருவதில்லை. பெண் பிள்ளைகள் தனியாக அருங்காட்சியகத்துக்கு வரும்போது காட்டுவேன். என் அக்காவுக்கு நடந்ததையும் சொல்வேன். பையன்கள் இருக்கும் வகுப்பில் அதை எடுத்தால் அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பையன்களும் கேட்க வேண்டிய கதை அது. அறுக்காத பெண்ணைக் கட்டமாட்டேன் என்று சொல்லப்போகிறவர்களும் சொல்லாமல் இருக்கப்போகிறவர்களும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கி வண்டி மாறுகிறவர் அவர், நான் இல்லை. தாராக்கா பகுதியில் 1996-இல் பெண்கள் கண்டுபிடித்த ஒரு சடங்கை அவர் சொன்னார். பழைய முறைப்படியே பெண் பிள்ளைகளை ஒரு வாரம் தனியே வைத்து, பெண்ணின் உடம்பையும் வாழ்க்கையையும் பற்றிய பழைய அறிவையெல்லாம் சொல்லிக் கொடுத்து, பரிசு, பாட்டு, விருந்தோடு ஊருக்குள் அழைத்துவருவார்கள். கத்தி மட்டும் கிடையாது. அதன் பெயர் 'ந்தானிரா நா முகம்போ'. சொற்களால் செய்யும் சடங்கு. கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி அந்தப் பயணத்தில் கிடைக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அருங்காட்சியகம் இரண்டு வாடகை அறை, தகரக் கூரை. நன்கொடை வரும் ஆண்டில் திறந்திருக்கும், வராத ஆண்டில் பொருள்கள் அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே போகும். கதை சொன்ன கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளோ ஷெங் பேசுகிறார்கள், சுவாஹிலியும் ஆங்கிலமும் தெருவில் கலந்து பிறந்த மொழி. பாட்டியின் மொழியில் பாட்டியிடம் கேட்கத் தெரியாத பேத்திகள் நிறைய. என் தங்கை மகளும் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டு, நான் தமிழில் சொல்ல, தலையாட்டுவாள். எவ்வளவு புரிந்தது என்பது அவளுக்கும் கடவுளுக்கும் தெரிந்தது. 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறையில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், எல்டோரெட் அருகே பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்த தேவாலயம் கொளுத்தப்பட்டதும் இந்தப் பிள்ளைகள் பிறந்த காலத்தையொட்டி நடந்தவை. வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்த நாள்களில் எவளாவது பட்டையை அவிழ்த்துப் போட்டாளா என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாது, உன் வீட்டில் கேட்டுச் சொல், என்றார் காப்பாட்சியர்.

வீட்டுப்பாடமும் அதுதான். அடுத்த மாதம் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் பொருளைக் கொண்டுவர வேண்டும். அட்டையில் மூன்று விவரம்: யாருடையது, அது என்ன செய்தது, அதை அவள் யாரிடம் சொன்னாள். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். தங்கை வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினாள். கைப்பிடி தேய்ந்த அகப்பை. வாசகம் அச்சிட்ட கங்காத் துணி ஒன்று. மாமியாரிடம் வாயால் சொல்ல முடியாததைச் சொல்வதற்காக அந்தப் பையனின் அம்மா உடுத்தியதாம். ஒரு பழைய சீட்டுக்கட்சிக் கணக்கு நோட்டு.

கண்ணாடிக்காரப் பெண் பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு புகைப்படத்தை ஒட்டியிருந்தாள். தொண்ணூறு வயதுக் கிழவியின் நெற்றி. கூடையையும் விறகையும் முதுகில் போட்டு அதன் வாரை நெற்றியில் மாட்டிச் சுமக்கும் கிகூயூப் பெண்களுக்கு அங்கே ஒரு பள்ளம் விழும். கீழே எழுதியிருந்தாள்:

'என் கொள்ளுப்பாட்டியுடையது. 1954-இல் காட்டிலிருந்தவர்களுக்குக் கூடையில் மொச்சைக்கு அடியில் என்னவோ வைத்துக் கொண்டுபோனது. என்ன என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.'